முயலுக்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் என்ன கவனிக்க வேண்டும்?

புதிதாக இரண்டு முயல் வாங்கியிருக்கிறோம், நோய் வந்தால் எப்படித் தெரியும், நம் பக்கத்து வெயிலைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் கொங்குத் தமிழ்தான். நான்கு வருடமாக முயல் வளர்க்கிறோம். முதல் முயலைச் சாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் முயலின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் புழுக்கையைப் பாருங்கள்.

அந்த முதல் முயலின் பெயர் பஞ்சு. மகள் அடம்பிடித்து வாங்கியது. கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சில நாள் தோசைத் துண்டு என்று எதைக் கொடுத்தாலும் தின்றது. நாங்களும் பூரித்துப்போனோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேரட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சித்திரை மாதம், வெக்கையில் பசி எடுக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். ஞாயிறு முழுக்க மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது, அதையும் ஏதோ மெல்லுகிறது என்று நினைத்தோம். வலியில்தான் அப்படிக் கடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை மிருகாசுபத்திரி திறக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம், பஞ்சு காத்திருக்கவில்லை.

என் அம்மா சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். கூண்டைக் கழுவும்போது அவர்தான் சொன்னார்: "ரெண்டு நாளாக் கூண்டுல ஒரு புழுக்கை இல்லையே கண்ணு, யாரும் பார்க்கலையா?"

பார்க்கவில்லை. கூட்டித் தள்ளுகிற குப்பையை யார் பார்ப்பார்கள்?

முயலின் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். ஆடு தின்றதை மேலே கொண்டுவந்து அசைபோடும். முயலால் அசைபோடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது ஒரே வழியில்தான் வெளியே வர வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவது நார். புல் குறைந்து மாவும் இனிப்பும் கூடினால் குடல் மெதுவாகும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலிப்பதால் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் மெதுவாகும். பல்வலி, வெயில், பயம், இடம் மாற்றம் என்று எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தச் சுழலில்தான் வந்து மாட்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. காது சில்லென்று இருந்து, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் இன்னும் அவசரம்.

நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, காய்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் புல் தூளாக உதிரும் (மகள் இதைக் கூசாமல் செய்வாள், நான் இன்னும் குச்சியால்தான்). அளவு சிறுத்துக்கொண்டே போனால் குடல் மெதுவாகிறது என்று அர்த்தம். முடியில் கோத்த மணிமாலை போல வந்தால், முடியை நிறைய நக்கி விழுங்குகிறது. சீவிவிடுங்கள், புல்லைக் கூட்டுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. மெத்தென்று, பளபளப்பாக, குட்டித் திராட்சைக் கொத்து போல இருக்கும். ராத்திரியிலோ விடியற்காலையிலோ முயல் குனிந்து, கீழே விழும் முன்பே வாயால் எடுத்து விழுங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. ஆனால் அதை நிறுத்தக் கூடாது. பெருங்குடல் பையில் நுண்ணுயிர்கள் தயாரித்த புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன, இரண்டாவது சுற்றில்தான் அவை உடம்பில் சேரும். ஒரு வகையில் அதுதான் முயலின் அசைபோடல். அந்தக் கொத்து கீழே நசுங்கியும் பின்பக்கம் ஒட்டியும் கிடந்தால், தீனியில் சத்து அதிகமாகிவிட்டது, அல்லது உடம்பு பெருத்துக் குனிய முடியவில்லை. மழைக்காலத்தில் அந்த ஒட்டலில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் தினமும் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள். தூக்கும்போது காதைப் பிடிக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே. பின்கால் தொங்கினால் உதைக்கும், அந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துவிடும்.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல். பாக்கெட்டில் வரும் திமோத்தி புல் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கிறது. நாங்கள் அருகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் அறுத்து நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்துக்கொள்கிறோம். வைக்கோல் கீழே விரிக்க உதவும், அதையே சாப்பாடாக நம்ப முடியாது. குதிரைமசால் என்ற தீவனப்பயிர் குட்டிகளுக்குச் சரி, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரப்பையில் மணல் போலப் படியும். வாங்கும் தீவனக் குருணை, வளர்ந்த முயலுக்குக் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம் போதும். கேரட் மிட்டாய் மாதிரி, எப்போதாவது விரல்கடை அளவு. எங்கள் பக்கம் காய்கறித் தோட்டங்கள் அதிகம், வரப்புப் புல் பச்சென்று ஆசை காட்டும். களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று தோட்டக்காரரைக் கேட்காமல் ஒரு பிடி கூட அறுக்காதீர்கள்.

புல் வயிற்றுக்கு மட்டும் இல்லை, பல்லுக்கும்தான். முயலுக்கு 28 பல், அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளும். நாரை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தாடை நனைந்திருந்தாலோ, ஆசையாக எடுத்த புல்லைக் கீழே போட்டாலோ மருத்துவரிடம் அதன் பல்லைக் காட்டுங்கள். வீட்டில் நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல் பிளந்துவிடும், வேண்டாம்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருவர், "முயலுக்குத் தண்ணியே வைக்கக் கூடாது, வச்சாச் செத்துப்போகும், புல்லுல இருக்கிற ஈரமே போதும்" என்று இன்றுவரை சொல்கிறார். அவர் முயலுக்கு எப்போதும் மூன்றே கால். உண்மையில் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். கவிழாத கனமான மண்சட்டியில் வையுங்கள்.

இனி வெயில். பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. முயலுக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம். நம்மைப் போல வியர்க்காது, நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டுச் சமாளிக்கவும் தெரியாது. சூடு வெளியேறுவது பெரும்பாலும் காது வழியாகத்தான். ஷீட் கூரைக்குக் கீழே கூண்டு வைத்தால் மத்தியானம் அது அடுப்பு. எங்கள் முயல்கள் மார்ச்சிலிருந்து மழை பிடிக்கும் வரை வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில்தான். ஜன்னலில் ஈரச்சாக்கு, படுக்கிற இடத்தில் ஒரு பழைய தரை ஓடு, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அந்த ஈரச்சாக்கு நன்றாகவே வேலை செய்யும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதைச் சாதாரணத் தண்ணீரால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். பக்கெட்டில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரண நாளிலும் குளிப்பாட்டத் தேவையில்லை, அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

காதைச் சொன்னதும் சொறி ஞாபகம் வருகிறது. இப்போது இருக்கும் கருப்பிக்குப் போன வருடம் காதுக்குள் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியது, தலையை உதறிக்கொண்டே இருந்தது. காதுச் செள்ளு, காதுக்குள் ஒட்டி வாழும் பொடிப் பூச்சி. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, புண்ணாகும். மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டார், இடைவெளி விட்டு மறுபடியும் போட்டார், பொருக்கு தானாக உதிர்ந்தது. நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு விஷம். அதேபோல் குழந்தைக்கு வாங்கி மிச்சமான அமாக்சிசிலின் சிரப்பும் வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கெட்டவை பெருகிவிடும், கழிச்சல் கண்டு சாகும். நாய், மாடு மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவர் என்றால் நீங்களே மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள், தப்பில்லை.

மூத்திரம் வெள்ளையாகக் கலங்கி இருப்பது பெரும்பாலும் சாதாரணம். சில கீரை, செடிகளைத் தின்றால் செம்மண் நிறத்தில் கூடப் போகும். அடுத்த நாளும் நீடித்தால், முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால்தான் கவலை. கம்பி வலைத் தரையில் குதிங்கால் முடி உதிர்ந்து புண்ணாகும், பாதி இடத்துக்காவது பலகையோ சாக்கோ போடுங்கள்.

அப்புறம், உங்கள் இரண்டும் ஆணா பெண்ணா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். எங்களிடம் இரண்டும் பெண் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு நாள் கருப்பி வயிற்று முடியைப் பிடுங்கி மூலையில் குவித்தது, மறுநாள் ஐந்து குட்டி. சினைக்காலம் 30, 32 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கும், அதனால் ஆணை உடனே பிரித்துவிட வேண்டும். தாய் குட்டிகளைத் திரும்பியே பார்க்கவில்லை என்று மகள் அழுதாள். முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டி வயிறு உப்பிச் சூடாக இருந்தால் பால் கிடைத்துவிட்டது. பெண் முயலுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள இடமாகப் பார்த்துக் கருத்தடை செய்வது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது காற்றோட்டமுள்ள பெட்டி, வழியில் தின்ன ஒரு பிடி புல், முடிந்தால் கூடவே மற்ற முயல். முக்கியமாக, அன்று காலைப் புழுக்கையைத் தாளில் மடித்து எடுத்துப் போங்கள், பாதி கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். கோவைக்குப் போகும் வழியில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் ஒருமுறை நிறுத்தி, "என்ன பொட்டலம்?" என்று கேட்டார்கள். மகள் பிரித்தே காட்டிவிட்டாள். எட்டிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.