செயலிப் போட்டியில் சேரப் போகிறோம், எந்த நிரல்மொழியில் தொடங்க வேண்டும்?

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான நிரலாக்க, செயலி வடிவமைப்புப் போட்டி ஒன்றில் நாங்கள் நால்வர் குழுவாகச் சேர்கிறோம். மூன்று மாத அவகாசம் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு மட்டுமே நிரல் எழுதத் தெரியும். எந்த மொழியில் தொடங்கினால் வெற்றி வாய்ப்பு அதிகம்?

பதில்: மொழியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் எம்ஐடி ஆப் இன்வென்டர் போதும். 2010-இல் கூகுளில் உருவாகி, பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போன, செயலி செய்யும் இலவசக் கருவி அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, துண்டுகளாக இழுத்துப் பொருத்தலாம். இதேபோல் துண்டுகளைப் பொருத்தி நிரல் எழுதும் சிறுவர் மொழியான ஸ்கிராட்ச் பழகிய யாரும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். விதிகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆப்பிள் நடத்தும் மாணவர் போட்டியில் ஸ்விஃப்ட் மொழி கட்டாயம். மொழியை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடும் போட்டிகளும் உண்டு.

நான் சில ஆண்டுகளாக மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் சில போட்டிகளில் நடுவராகவும் இருந்து வருகிறேன். நடுவர் மேசைக்கு வரும் செயலிகளில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். படிப்புக்கு, உடல்நலத்துக்கு, சுற்றுச்சூழலுக்கு என்று எல்லாவற்றையும் ஒரே செயலியில் அடக்கியிருப்பார்கள். ‘இதை நாளைக் காலையில் யார் திறப்பார்கள்?’ என்று கேட்டால் ‘எல்லோரும்’ என்பார்கள். எல்லோருக்கும் என்று செய்த செயலியை யாரும் திறப்பதில்லை. ஆகவே முதல் இரண்டு வாரம் கணினியைத் தொடாதீர்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரை, அவருக்கு வாரந்தோறும் தொல்லை தரும் ஒரே ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள்.

நான் வழிகாட்டிய குழு ஒன்று, பள்ளிக்கு வர முடியாத மாணவர்களுக்கு அன்றைய பாடக் குறிப்புகளைச் சேர்த்துத் தரும் செயலியைச் செய்ய நினைத்தது. படம் எடுத்துப் பதிவேற்றுவது, பாடவாரியாகப் பிரிப்பது, தேடுவது என்று பெரிய திட்டம். நிரல் எழுதும் முன், அடிக்கடி விடுப்பு எடுக்க நேர்ந்த ஒரு மாணவியிடம் பேசச் சொன்னேன். குறிப்புகளைத் தோழியிடம் வாங்கிக்கொள்வதில் அவளுக்குச் சிரமமே இல்லை. நாளை எதை ஒப்படைக்க வேண்டும், எந்தத் தேர்வு தள்ளிப்போயிருக்கிறது என்பது தெரியாமல் வகுப்புக்குள் நுழைவதுதான் அவளுடைய பயம். திட்டம் ஒரே திரைக்குச் சுருங்கியது: நாளைக்கு என்ன வேண்டும். அந்தப் பிள்ளைகள் எழுதிய நிரல் மிகச் சிறியது. ஆனால் வகுப்பில் அது உண்மையாகவே பயன்பட்டது, நடுவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர்களிடம் அனுபவத்திலிருந்து பதில் இருந்தது.

ஆள் கிடைத்ததும் திரைகளைக் காகிதத்தில் வரையுங்கள். ஒரு தாளுக்கு ஒரு திரை. அவர் விரலால் பொத்தானைத் தொட, நீங்கள் அடுத்த தாளை வையுங்கள். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். ‘அங்கே அழுத்துங்கள்’ என்று சொன்னால் சோதனை அத்தோடு முடிந்தது, ஏனென்றால் அவர் தனியாக இருக்கும்போது அப்படிச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்றும் கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் எவரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கே விரல் தயங்கியது, எங்கே திரும்பிப் போனார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கோப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-இல் எழுதினார். ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பது எந்தக் குழுவாலும் முடியும். திருத்திய பிறகு வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள்.

நிரல் தெரியாத மூவர் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். இந்தச் சோதனைகளை நடத்தக் கூர்மையான கண் வேண்டும், அது ஒரு முழு ஆளின் வேலை. இன்னொருவர் திரை வடிவமைப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்லும் அளவு. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைக்கும் குழுக்கள் இதில்தான் தவறுகின்றன. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்படி தொடும் பகுதி 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் ஆண்ட்ராய்டு அலகு) அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும். சரி, தவறு என்பதைப் பச்சை, சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். பக்கத்தில் ஒரு சொல்லோ குறியோ இருக்கட்டும். மூன்றாமவருக்குக் காணொளி.

காணொளியைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் மூன்று மாத உழைப்பை நடுவர் அதன் வழியாகத்தான் பார்க்கிறார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நடத்தும் செயலிப் போட்டி 1 முதல் 3 நிமிடக் காணொளி கேட்கிறது. ஆப்பிள் போட்டியிலும் மூன்று நிமிடத்துக்குள் அனுபவித்து முடிக்கக்கூடியதாகப் படைப்பு இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய நேரத்தில் குழு அறிமுகத்துக்கும் இசைக்கும் இடமில்லை. அந்த ஒருவரின் தொல்லையைச் சொல்லி, உடனே செயலி அதைத் தீர்ப்பதைக் காட்டுங்கள். கடைசித் தேதிக்கு பத்து நாள் முன்பே புதிய வசதி சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். பிறகு வேலை செய்யும் பதிப்பை இரண்டு இடங்களில் சேமித்து, இணைய இணைப்பைத் துண்டித்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியை விதிகள் அனுமதித்தால், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். உங்களில் ஒருவராலும் விளக்க முடியாத பகுதி செயலியில் இருந்தால் அதை நீக்கிவிட்டு, உங்களுக்குப் புரிந்த எளிய வழியில் திரும்ப எழுதுங்கள். நேர்காணலில் அந்தப் பகுதியைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன்.

யாருக்காகச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவானதும், காகிதத் திரைகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.