'நன்றி' என்று எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஒன்றும் தோன்றவில்லை. யோகாவோடு சேர்த்து நன்றியுணர்வைப் பழகுவது எப்படி?

பெரும்பாலும் வரிசைதான் கோளாறு. பாயில் உட்கார்ந்த கையோடு நன்றி சொல்லத் தொடங்கினால், மனம் இன்னும் வேலையிலும் கைபேசியிலுமே கிடக்கும். முதலில் உடம்பு அடங்கட்டும், நன்றியைக் கடைசிக்கு வையுங்கள்.

மொத்தம் 20 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் நன்றாகப் பழகிய ஆசனங்கள் மட்டும். புதிய ஆசனம் என்றால் கை எங்கே, கால் எங்கே என்பதிலேயே கவனம் போய்விடும். பிறகு பாலாசனம் (முழங்காலிட்டுக் குதிகாலில் அமர்ந்து, முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது), 2 நிமிடம். நெற்றி தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் கழுத்து இறுகும், அதனால் அடியில் மடித்த போர்வை வையுங்கள். முழங்கால் வலித்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் இன்னொன்று. அடுத்து சவாசனம், அதாவது மல்லாந்து தளர்வாகப் படுத்திருப்பது. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், பத்து முறை. மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத்துடிப்பு தணியும். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிடுங்கள்.

இப்போதுதான் நன்றி. 'குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி' என்று பட்டியல் போட வேண்டாம், அதில் மனம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கடந்த ஒரு நாளில் நடந்த ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுங்கள். இரண்டு கையிலும் சுமையோடு வந்தபோது யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று வையுங்கள். அவர் கை கதவில் எங்கே இருந்தது? எவ்வளவு நேரம் காத்திருந்தார்? அவர் நிற்காமலே போயிருக்கலாம். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உள்ளே ஏதோ இளகும். தாடை தளர்கிறதா, நெஞ்சில் வெதுவெதுப்பா என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்பதையே கவனித்துவிட்டு விடுங்கள். வரவழைக்கப் பார்த்தால் நடிப்பாகிவிடும். எண்ணம் எங்காவது ஓடினால் மறுபடி அந்தக் கதவுக்கே வாருங்கள்.

நன்றியை எழுதிவைக்கும் பழக்கம் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை போதும். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலாவும் 2003இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் ஒரு பகுதியில், மாணவர்கள் வாரம் ஒருமுறை, நன்றி தோன்றும் ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு உளவியலாளர் சோனியா லுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆய்விலோ, வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. அடிக்கடி எழுதினால் சலித்துப்போய், வீட்டுப்பாடம் போல் ஆகிவிடும் என்பது பொருத்தமான விளக்கம்.

துக்கத்திலோ கோபத்திலோ இருக்கும் நாளில் நன்றியைத் திணிக்காதீர்கள், குற்ற உணர்வுதான் மிஞ்சும். உங்களைக் காயப்படுத்துகிறவருக்கு நன்றி தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் ஐந்து நியமங்களில், அதாவது தனிமனித ஒழுக்கங்களில், சந்தோஷம் ஒன்று, இருப்பது போதும் என்ற நிறைவு. அதற்குக் கொடுத்தவர் என்று ஒருவர் தேவையில்லை. அப்படிப்பட்ட நாளில் முதுகைத் தரை தாங்குவதை மட்டும் உணர்ந்து படுத்திருங்கள். கண்ணை மூடினால் எண்ணங்கள் முட்டி மோதுகிறதென்றால் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே செய்யலாம்.