குறுகிய முற்றத்துக்கு எந்த றோசா? பூத்தபடி வரும் கன்றை வாங்காதீர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் இருக்கிறேன். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ரொறன்ரோவில் மகள் வீட்டு வாசலில் பாத்தி நிறைய றோசா பூத்து நிற்கிறது. பெயர் ‘நொக் அவுட்’, பராமரிப்பே இல்லை என்கிறாள். அதேபோல் வைக்க ஆசைப்பட்டு இரண்டு முறை வாகனத்தில் வந்த கன்றுகளை வாங்கினேன். பூத்தபடி வந்தவை, தளிர் மஞ்சளாகி ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. முட்டைக்கோதும் எப்சம் உப்பும் போட்டுப் பார்த்தேன். முழங்கால் வருத்தத்தால் குனிந்து மருந்தடிக்க ஏலாது. எந்த இனம் எனக்குச் சரிவரும்?

பதில்: ரீச்சர், இனத்தின் பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே, ஐந்தாறு வருடம் யாரும் கவனிக்காமல் பூத்துக்கொண்டு நிற்கும் ஒரு றோசாச் செடியைக் கண்டுபிடியுங்கள். அதில் தடி கேட்டு வாங்கி ஊன்றுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மகள் சொல்வதும் பொய்யில்லை. நொக் அவுட் இனத்தை அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் உருவாக்கினார். 2000ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. கரும்புள்ளி நோய் அதில் இலகுவில் தொற்றாது. வாடிய பூவைக் கிள்ளாவிட்டாலும் மறுபடி பூக்கும். அங்குள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இங்கே ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கன்று நீட்டினால், அது அதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? பையில் ஒரு பெயர்ச்சீட்டுக்கூட இருக்காது. உங்களுக்கு வேண்டியது அந்தக் குணம்: கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ, இடுப்புயரத்துக்கு மேல் போகாத செடி, ஒட்டுப்போடாத சொந்த வேர். பழைய வளவுகளில் நிற்கும் இளஞ்சிவப்பு, கடுஞ்சிவப்புக் கொத்து றோசாக்களில் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. வருடம் முழுக்கப் பூக்கும் இயல்பே சீன றோசாவில் இருந்துதான் இன்றைய றோசாக்களுக்கு வந்தது. அந்த வழி வந்தவற்றுக்குப் பூப்பதற்குக் குளிர்காலம் தேவையில்லை.

இனி, உங்கள் கன்றுகள் ஏன் பட்டன என்பதைப் பார்ப்போம். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்ததா? அப்படியென்றால் அது இரும்புக் குறை. யாழ்ப்பாணச் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது, ஆனால் வேருக்கு அது எட்டாது. நிலத்துக்கடியில் முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் அதில் ஊறித்தான் வருகிறது. கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பைத்தான் நாள்தோறும் செடிக்கும் ஊற்றுகிறோம். சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு பூட்டுப்பட்டுவிடும்.

இந்த மண்ணுக்கு மேலே நீங்கள் முட்டைக்கோது போட்டிருக்கிறீர்கள். அதுவும் சுண்ணாம்புதான். வேறு நாட்டில் புளிப்பு மண்ணில் இருப்பவர் காணொளியில் சொல்வதை, சுண்ணக்கல்லுக்கு மேல் குடியிருக்கும் நாங்கள் அப்படியே செய்கிறோம். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியம், இரும்பு இல்லை. இரும்புதான் வேண்டுமென்றால் கடையில் ‘செலேற்’ இரும்பு, அதாவது மண்ணில் பூட்டுப்படாமல் இருக்கக் காப்புப் போட்ட இரும்பு, கிடைக்கும், ஆனால் எங்கள் மண்ணுக்கு ‘இ.டி.டி.எச்.ஏ’ என்று போட்டிருப்பதுதான் நின்று பிடிக்கும். ‘இ.டி.டி.ஏ’ என்று மட்டும் இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். சுவரோரத் துண்டு என்கிறீர்கள். வீடு கட்டியபோது கொட்டிய சீமெந்துக் கலவையும் உடைகல்லும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஒரு முழம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக வந்தால் அந்த மண்ணை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வாகனக் கன்றுகளுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட முடியாது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே, போர்வை போர்த்திப் படுக்கும் ஊர். அங்கே கூரைக்குக் கீழே உரமும் மருந்தும் கொடுத்துப் பூக்கவைத்த ஒட்டுக்கன்றைப் பட்டா லொறியில் ஏற்றி, சோளகக் காற்று அடிக்கும் எங்கள் வெயிலில் இறக்குகிறார்கள். “அன்ரி, ஒரு வேலையும் இல்லை, தண்ணி மட்டும் விட்டால் காணும்” என்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் வேறு ஊரில் நிற்பார்கள். கன்று பட்டால் யாரிடம் போய்க் கேட்பது? வளர்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இரண்டு மூன்று கை மாறி வருகிறது, அடிக்கட்டை, அதாவது ஒட்டுக்குக் கீழே வேரோடு நிற்கும் செடி, என்ன இனம் என்று விற்பவருக்கே தெரியாது. ஒட்டுப்போட அதிகம் பயன்படும் அடிக்கட்டைகளில் ஒன்றான மல்ரிபுளோறா, சுண்ணாம்பு மண்ணில் சரியாக வராது. மேலே எவ்வளவு நல்ல இனம் இருந்தாலும், கீழே அந்தக் கால் நிற்காது.

அப்படியும் மனம் கேட்காமல் ஒன்று வாங்குவதென்றால், காசு கொடுக்குமுன் பையை நிலத்தில் வைத்து, தண்டின் அடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். மண்ணும் பையும் சேர்ந்து எழும்பினால் வேர் ஓடியிருக்கிறது. தண்டு மட்டும் கழன்று வரப் பார்த்தால், அது போன கிழமை பையில் செருகியது. பூவைப் பார்க்கவே வேண்டாம்.

முகநூலில் விற்கும் நீல றோசா விதையையும் யாரும் வாங்காதீர்கள். ஜப்பானில் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்கு வந்த ‘நீல’ றோசாவே உண்மையில் ஊதா. விதையில் முளைப்பது தாய்ச்செடி மாதிரி வராது.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நோய் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. மஞ்சளாகிப்போன ஒரு றோசா இலையைக் கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நான் போனபோது, “இது பயிர் இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். ஓய்வூதியக் காசில் ஆறு கன்று வாங்கி ஏமாறுகிறவருக்கு அது பயிர்தான். கன்று விற்பவர் பெயரும் இனமும் எழுதி ஒட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, செய்ய வேண்டியது. புரட்டாசி கழிந்து மாரி தொடங்கும்போது தடி ஊன்றுங்கள். பூத்து முடிந்த, பென்சில் தடிப்பான தண்டு, ஏழெட்டு அங்குலம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை அகற்றி, மணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் பாதி புதைய ஊன்றி நிழலில் வையுங்கள். அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலால் மூடினால் ஈரம் காக்கும். ஆறு வாரத்தில் வேர் விடும். சில அழுகிப்போகும், அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு ஊன்றுங்கள். பாத்தியைக் கல் அடுக்கி ஒரு அடி உயர்த்துங்கள், உங்கள் முழங்காலுக்கும் அது நல்லது. செம்மண் பாதி, மிச்சம் நன்றாக உக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும். இரண்டடிக்கு ஒன்றாக, முன்பின்னாக நட்டால் எட்டு ஒன்பது செடி போதும். காலை வெயில் கட்டாயம் படவேண்டும். தண்ணீரை வேரடியில், காலையில், ஒன்றுவிட்டொரு நாள் ஆழமாக விடுங்கள். மேலே தும்பு பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

இதெல்லாம் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத்தான். கிணறு சவர், அதாவது உப்புத் தண்ணீர், என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கொக்குவிலில் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனாலும் காரைநகரில், ஊர்காவற்றுறையில், அரியாலைக் கடற்கரைப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்கள் இருப்பார்கள். பலர் சுண்ணாம்பையும் சவரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சவர்க்காரம் நுரைக்காததும் கேத்திலில் வெள்ளை படிவதும் சுண்ணாம்பின் அடையாளம். அதை எருவாலும் இரும்பாலும் சமாளிக்கலாம். தேத்தண்ணீர் கரிக்கிறதா? அது உப்பு. உப்பில் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகும். அதற்கு உரமும் இல்லை, மருந்தும் இல்லை. சில கிணறுகள் தையில் நல்ல தண்ணீராகவும் ஆவணியில் சவராகவும் இருக்கும், எனவே கோடையில்தான் குடித்துப் பார்க்க வேண்டும். சவர் என்றால் பாத்தியை மறந்து, பெரிய சாடியில் இரண்டே செடி வைத்து, மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து அதையே ஊற்றுங்கள். தாங்கி இல்லாவிட்டால் நித்தியகல்யாணி வையுங்கள். வருடம் முழுக்கப் பூக்கும், குறையே சொல்லாது.

மாரியில் இலையில் கரும்புள்ளி வரும், இலை கொட்டும். பயப்படாதீர்கள், மருந்தும் வேண்டாம். கொட்டிய இலையைக் கூட்டி அள்ளி எரித்துவிடுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் வேலிக் கத்தரிக்கோலால் எல்லாச் செடியையும் ஒரே மட்டமாக மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். எந்தக் கண்ணுக்கு மேலே, எந்தச் சரிவில் என்ற கணக்கெல்லாம் பெரிய பூ வளர்ப்பவர்களுக்கு. வெட்டிய கையோடு செடிக்கு இரண்டு கை எரு. மாசியில் பூ வரும்.