பையன் என்று அழைக்கப்பட்டவள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் குறிப்பில் டெட் ஈகனின் 'தி ட்ரோவர்ஸ் பாய்' என்ற ஆஸ்திரேலியப் பாடலைப் 'பாதி அஞ்சலி' என்று சொல்லியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். மிரண்டோடிய குதிரையிலிருந்து விழுந்து, மாட்டோட்டி ஒருவனின் வேலைக்காரப் பையன் சாகிறான். கல்நெஞ்சன் என்று பெயரெடுத்த அந்த மாட்டோட்டி அழுகிறான். பிணத்தின் தலையிலிருந்து ஒரு முடிக்கற்றையை வெட்டித் தன் தொப்பியில் செருகிக்கொள்கிறான். கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் 'பையன்' ஒரு பூர்வகுடிப் பெண் என்று தெரிந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு தூய காதல் பாடலை ஏன் பாதி என்றீர்கள்? இன்னொன்று, இதைத் தமிழாக்க முயல்கிறேன். 'பாய்' என்பதை 'உதவியாள்' என்று மாற்றினால் மரியாதையாக இருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் அந்தப் பாடல் பிடிக்கும். பலமுறை கேட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது.

அது தூய காதல் பாடல் அல்ல. ஈகனே அப்படி எழுதவில்லை. ஆண்களைச் சுட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்துவருவது, முடியை வெட்டுவது, குதிரையைப் பழக்குவதுபோல அவளைப் பழக்குவது, பிறகு பையன் என்று கூப்பிடுவது என்று ஓரிடத்தில் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். உங்கள் கண் நிறைந்திருந்த நேரத்தில் அந்த வரிகள் கடந்துபோயிருக்கலாம்.

ஏன் பையன் வேடம்? ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தின் 1918 ஆணைப்படி, பூர்வகுடிப் பெண்ணை வெள்ளையர் மணக்க அரசின் அனுமதி வேண்டும். மணக்காமல் சேர்ந்து வாழ்வது குற்றம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905 முதலே இத்தகைய சட்டம் இருந்தது. பெண்களைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றார்கள். அவர்களை வைத்திருந்தவர்கள் தலைமுடியைக் கத்தரித்து, கால்சட்டை மாட்டி, தொப்பி வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள். காவலரின் கண்ணுக்கு அவள் பையன். சட்டம் காப்பாற்ற வேண்டியவள் சட்டத்தின் பார்வையிலிருந்தே மறைந்துபோனாள்.

ஆனால் வேலை வேடமல்ல. மாட்டோட்டிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை நாளுக்குப் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் வீதம் மாதக்கணக்கில் நடத்திப்போவார்கள். இரவில் மந்தை மிரளாமலிருக்க முறைவைத்துச் சுற்றிவந்து காவல் காக்க வேண்டும். மாடுகள் அமைதியாக இருப்பதற்காகப் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். (என்னைக் கேட்டால், மாட்டுக்குப் பாடிய தாலாட்டுகள்தான் அந்த நிலத்தின் முதல் வெள்ளை நாட்டார் பாடல்கள்.) பண்ணையிலிருந்த பெண்களும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் சுமப்பது, ஆடு மேய்ப்பது, துவைப்பது, சமைப்பது, எஜமானியின் பிள்ளையை வளர்ப்பது எல்லாம் அவர்கள்தான். கூலி பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை, இறைச்சி, புகையிலை. பூர்வகுடித் தொழிலாளருக்குச் சம ஊதியம் என்ற தீர்ப்பு 1966இல்தான் வந்தது. அதுவும் நடைமுறைக்கு வந்தது 1968 டிசம்பரில்.

பாதி என்று நான் சொன்னது கண்ணீரை. பாடலில் அழுபவன் மாட்டோட்டி. நாம் அவனோடு சேர்ந்து அழுகிறோம். அவளுக்குப் பெயர் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. அவன்மேல் அவளுக்கு என்ன இருந்தது, அன்பா, அச்சமா, அல்லது போக வேறிடம் இல்லாத பழக்கமா? நாம் அறிய வழியில்லை. ஈகனைக் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் பாடக்கூடிய அளவுக்கு நேர்மையாகப் பாடியிருக்கிறார்.

போராட்டப் பாடல்கள் இந்த அளவுக்குக்கூட வரவில்லை. 1946 மே 1ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஏறத்தாழ 800 பூர்வகுடித் தொழிலாளர்கள் கால்நடைப் பண்ணைகளில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் டொரத்தி ஹெவெட் அதைப் பற்றி ஒரு கதைப்பாடல் எழுதினார். தலைப்பிலேயே மூன்று பெயர்கள்: கிளான்சி, டூலி, டான் மெக்லியோட். மூவரும் அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய ஆண்கள். எழுதியவர் ஒரு பெண் என்பது வேடிக்கை. வீட்டு வேலையும் குதிரை கையாளுவதும் பண்ணையில் கற்ற பூர்வகுடிப் பெண் டெய்ஸி பிண்டி, தன் கூலியைக் கேட்டு வாங்கி, லாரி அமர்த்தி, பண்ணை பண்ணையாக ஆட்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துப்போனார். அந்த லாரிக்கு ஒரு பாட்டு கிடைத்திருக்கலாம்.

இனி இன்னொரு பாட்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, கிழக்குக் கிம்பர்லியில் டெக்ஸஸ் டவுன்ஸ் என்ற பண்ணை. குவீனி மெக்கென்சி என்ற பூர்வகுடிப் பெண் அங்கே பிறந்தவர். ஆடு மேய்த்தார், மாட்டுக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டார். ஒருநாள் ரோவர் தாமஸ் என்ற பூர்வகுடி மாட்டுக்காரரின் மண்டையைக் குதிரை உதைத்துப் பிளந்துவிட்டது. ஊசி நூல் கொண்டு அந்தத் தோலைத் தைத்து அவரைப் பிழைக்கவைத்தவர் குவீனிதான். பிற்காலத்தில் இருவரும் ஓவியர்களானார்கள். ரோவர் தாமஸின் படங்கள் 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சி வரை போயின.

அந்த ரோவருக்கு 1970களில் ஒரு பாட்டுவரிசை கிடைத்தது. அவருக்குத் தாய்முறையான ஒரு பெண் கார் விபத்தில் அடிபட்டு, விமானத்தில் பெர்த்துக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்துபோனார். அவருடைய ஆவி ரோவரின் கனவில் வந்து, தான் ஊர் திரும்பிய வழியை இடம் இடமாகச் சொல்லிப் பாடியது. அதுதான் 'குரிர் குரிர்'. இன்றும் ஆடிப் பாடப்படும் சடங்கு. அங்கே பாடுபவள் இறந்தவள். ஆண் கேட்டு, சுமந்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறான். மாட்டோட்டியின் பாட்டைக் கேட்டபின் இதைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தமிழாக்கத்துக்கு வருகிறேன். 'உதவியாள்' வேண்டாம். அந்தப் பண்ணைகளில் நரைத்த தலையுள்ள பூர்வகுடி ஆண்களையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண்ணையும் ஒளித்துவைத்தார்கள். நீங்கள் மரியாதை கொடுத்தால் ஒளித்தவன் தப்பித்துவிடுவான். 'பையன்' என்றே போடுங்கள். 'ட்ரோவர்' என்பதற்கு 'இடையன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், புல்லாங்குழல் வந்துவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் 'மாட்டோட்டி' போதும்.

ஆசிரியர்