மேட்டில் பிழைக்கும் தக்காளி பள்ளத்தில் ஏன் கருகுகிறது?

கேள்வி: அண்ணனுக்கும் எனக்கும் ஒரே சரிவில் நிலம். அவருடையது மேலே, என்னுடையது சுமார் 40 அடி கீழே, அடிப்பள்ளத்தில். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே நாற்றங்காலில் எடுத்த தக்காளி நாற்றைத்தான் நட்டோம். போன வாரம் ஒரே இரவில் என் செடிகள் கருகிவிட்டன, அவருடையவை அப்படியே இருக்கின்றன. உயரம் கூடினால்தானே குளிர் கூடும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே?

பதில்: நீங்கள் படித்தது தவறில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆனால் 40 அடி என்பது 12 மீட்டர். அந்தக் கணக்கில் 0.1 டிகிரிகூட வித்தியாசம் வராது. ஒரு பகுதியின் தட்பவெப்பத்தை அட்சரேகை, கடலின் தூரம், உயரம், மலைத்தொடர், காற்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் அவை அண்ணனுக்கும் உங்களுக்கும் பொது. உங்கள் செடியைக் கருக்கியது நிலத்தின் கிடப்பு.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் போர்வை போல அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த மண்ணைத் தொட்ட காற்று கனத்து, தண்ணீர் போலச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். குளம் நிரம்புவது போலத்தான். அண்ணனின் நிலம் கரைக்கு மேலே இருந்திருக்கிறது, உங்களுடையது குளத்துக்குள். இலை வெந்நீர் ஊற்றியது போலக் கருத்துத் துவண்டிருந்தால் அது உறைபனிதான்.

இனி செய்ய வேண்டியது. நிலத்தின் கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குளிருக்கு அணை. ஓரிரு இடங்களில் அகலமாகத் திறந்துவிடுங்கள். அடர்ந்த வேலி வேண்டுமென்றால் மேல் ஓரத்தில் வையுங்கள், இறங்கி வரும் குளிர்காற்றை ஒதுக்கிவிடும்.

மூடாக்கை, அதாவது மண்ணை மூடிப் போடும் வைக்கோல், சருகு போன்றவற்றை, உறைபனிக் காலத்தில் விலக்கி வையுங்கள். மற்ற நேரத்தில் நல்லதுதான், ஆனால் மண்ணின் சூடு இரவில் மேலே வராமல் தடுக்கும். உறைபனி வரும் என்று தெரிந்தால் முந்தின நாளே பாசனம் கொடுங்கள், ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும். உறைபனி இரவில் தெளிப்பான் போடுகிறவர்களும் உண்டு, தண்ணீர் உறையும்போது விடும் சூடுதான் செடியைக் காக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஆவியாதலே செடியை இன்னும் குளிர்விக்கும். பனி உருகும்வரை விடாமல் ஓட்ட முடிந்தால் மட்டும் இறங்குங்கள். புகை மூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண் விடும் சூட்டைப் புகை பெரிதாகத் தடுப்பதில்லை, கண்தான் எரியும்.

அப்புறம், ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானியை நம்பாதீர்கள். தெளிந்த இரவில் செடி உயரத்தில் குளிர் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். குறைந்தபட்ச அளவைக் காட்டும் வெப்பமானி ஒவ்வொன்றை நாற்று உயரத்தில், பள்ளத்தின் அடியிலும் மேல் ஓரத்திலும் வையுங்கள். பொதுவாக விடியும் வேளையில்தான் மிகக் குறைந்த அளவு பதியும்.

வேலியைத் திறந்த பிறகும் அடியில் குளிர் தேங்கினால், அந்தத் துண்டில் லேசான உறைபனியைத் தாங்கும் முட்டைக்கோஸ் போட்டுவிட்டு, தக்காளியை மேல் பாதிக்கு ஏற்றுங்கள்.