பொரித்த மீனும் சில நடிகைகளும்

அன்புள்ள அக்கா,

மலையாள நடிகைகளின் பெண்ணியத்தை நீங்கள் ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ரீமா கல்லிங்கல் மேடையேறிச் சொன்னது பொரித்த மீன் கிடைக்காத கதை. பார்வதி மம்மூட்டி படத்தைக் குறை சொன்னார், பிறகு அவருடனேயே நடித்தார். எல்லாம் விளம்பரம்தானே? சாதாரணப் பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்? தமிழில் யாரும் இப்படிப் பேசுவதும் இல்லையே?

கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

மீனையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரீமா 2018இல் திருவனந்தபுரத்தில் டெட்எக்ஸ் என்ற சொற்பொழிவு மேடையில் சொன்னது, பன்னிரண்டு வயதில் நடந்தது. சாப்பாட்டு மேசையில் மூன்று மீன்கள். அம்மா அவற்றை வீட்டின் மூத்தவருக்கும் இரண்டு ஆண்களுக்கும் வைத்துவிட்டார். எனக்கு ஏன் இல்லை என்று சிறுமி அழுதாள். கோழிக் குழம்பில் கால் துண்டு யார் தட்டுக்குப் போகும் என்பது உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் தெரியாத சங்கதியா? அதே பேச்சில் நடிகைகளின் சம்பளம் பற்றியும், அவர்களுக்குக் கிடைக்கும் வேடங்கள் பற்றியும் பேசினார். மீம் போட்டவர்களுக்கு மீன் மட்டும் போதுமாக இருந்தது.

பார்வதி கதை இன்னும் விசித்திரம். மம்மூட்டி நடித்த ‘கசபா’வில் போலீஸ் நாயகன் ஒரு பெண் அதிகாரியின் பெல்ட்டைப் பிடித்து ஆபாசமாகப் பேசுவான். படம் வந்த 2016லேயே கேரள மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அப்போது பெரிய கொந்தளிப்பு இல்லை. 2017 டிசம்பரில் திரைப்பட விழாவில் பார்வதி அதையே சொன்னதும் மாதக்கணக்கில் அவருக்கு வசவு, மிரட்டல்; வசை பாடியவர்கள்மேல் கைது நடவடிக்கைகூட நடந்தது. அவர் நடித்த ‘மை ஸ்டோரி’ பாடலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் டிஸ்லைக் போட்டார்கள். அந்தப் படத்தை இயக்கியவர் ஒரு பெண், அது அவருக்கு முதல் படம். இந்தக் கணக்கில் அவர் எங்கே வருகிறார், சொல்லுங்கள்.

அப்புறம் 2022இல் ‘புழு’வில் மம்மூட்டியோடு நடித்ததும் சமரசம் என்றார்கள். நடிக்காமல் இருந்திருந்தால் காழ்ப்பு என்றிருப்பார்கள். மம்மூட்டி என்ற நடிகர்மேல் மதிப்பு இருந்ததால்தான் அந்தக் காட்சி உறுத்தியது என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டாரே! சொன்னது சரியா என்று பார்க்காமல், சொன்னவர் யோக்கியமா என்று துருவுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு அதைவிடச் சுலபம், ‘நடிகை Vs சூப்பர் ஸ்டார்’ என்று தலைப்புப் போட்டால் வேலை முடிந்தது.

உங்கள் கடிதத்தில் நியாயமான கேள்வி, சாதாரணப் பெண்ணைப் பற்றியது. மைக் நட்சத்திரத்துக்குத்தான் நீளும், துணை நடிகைக்கு நீளாது. ஆனால் 2017இல் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்ட பிறகு, இந்தப் பெண்கள் சேர்ந்து முதல்வரிடம் போய் முறையிட்டதால்தான், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி அமைந்தது. 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. படித்துப் பாருங்கள். படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்து நோய் வாங்கிக்கொள்ளும் பெண்கள் அதில் இருக்கிறார்கள். கேரவன் வைத்திருக்கும் நடிகைக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

தமிழில் யாரும் பேசவில்லையா? 2018 அக்டோபரில் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயி, தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லை பற்றிப் பேசினார். அடுத்த மாதமே டப்பிங் சங்கம், சந்தா கட்டவில்லை என்று சொல்லி அவரை நீக்கியது. நாம் அப்போது அவரிடம் கேட்டது, “இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்?”