அந்தக் கட்டைவிரல் எங்கே போனது?

அமெரிக்க ஓவியர்கள், புகைப்படக்காரர்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஸ்டூடியோ டார்க் ரூமில் பிரிண்ட் போட்டவன் நான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதற்குப் பின்னால் யார் யார் கை இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். பதில்களிலும் அந்தப் புத்தி தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: 'மைக்ரண்ட் மதர்' படத்தில் இருக்கும் அம்மா யார் சார்? அந்தப் படத்தால் அவருக்கு என்ன கிடைத்தது?

ரொம்ப நாளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அம்மா. 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊர். பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரர்களின் முகாம். பனியில் பயிர் கருகிப்போய் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். டொரோதியா லாங், அரசாங்கத்துக்காக ஊர் ஊராகப் படம் எடுத்துவிட்டு மழையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் போனவர், இருபது மைல் தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர். கிட்டப்போய் ஆறேழு படம் எடுத்தார். பெயர் கேட்கவில்லை.

படம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது! படத்தில் இருந்த அம்மா ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல்தான். சோற்றுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியிருந்ததைக் குடும்பம் மறுத்தது. அரசாங்க வேலையாக எடுத்த படம் என்பதால் அதற்குக் காப்புரிமை கிடையாது. யாரும் அச்சிடலாம், அந்த அம்மாவுக்கோ லாங்குக்கோ காசு கொடுக்க வேண்டியதில்லை. 1983இல் ஃபுளோரன்ஸ் படுத்த படுக்கையானபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள், ஜனங்கள் முப்பதாயிரம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதே வருடம் காலமானார்.

மதுரையிலிருந்து ஒரு பத்திரிகை நிருபர்: அந்தப் படத்திலேயே டச்சிங் (பிறகு கைவைத்துத் திருத்துவது) நடந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கீழே வலது மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கையின் கட்டைவிரல் துருத்திக்கொண்டிருந்தது. பார்ப்பவர் கண் அங்கே போகிறது என்று 1939இல் லாங் அதை நெகடிவிலேயே அழிக்கச் சொன்னார். லாங் வேலை பார்த்த அரசாங்கப் புகைப்படத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்டிரைக்கருக்கு இதில் கோபம். நல்ல பிரிண்டை உற்றுப் பாருங்கள், விரல் இருந்த இடத்தில் ஆவி மாதிரி ஒரு நிழல் இன்னும் தெரியும்.

எனக்கு விரல் பெரிய குற்றமாகத் தெரியவில்லை, டயர் கதைதான் உறுத்துகிறது. இதைவிடப் பெரிய கைவரிசையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை கெட்டிஸ்பர்க் களத்தில், புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு ஒரு சிப்பாயின் சடலத்தைச் சுமார் நாற்பது கெஜம் தூக்கிக்கொண்டுபோய்ப் பாறைச் சந்தில் கிடத்திப் படமெடுத்தது. துப்பாக்கியையும் பக்கத்தில் அழகாகச் சாய்த்து வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஊரே நம்பியது.

கோவையிலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர்: ஆன்சல் ஆடம்ஸ் காலத்தில் போட்டோஷாப் இல்லை. அப்படியே எடுத்த படங்கள்தானே, அண்ணா?

தம்பி, என் அடிமடியிலேயே கை வைக்கிறீர்கள். 1941 இலையுதிர் காலம், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர். சாயங்கால வெயில் கல்லறைச் சிலுவைகள்மேல் பட்டு மின்னுகிறது, மேலே நிலா. ஆடம்ஸ் வண்டியை ஓரங்கட்டி அவசர அவசரமாக 8x10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை நிறுத்துகிறார். வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டரைக் காணோம்! நிலாவின் வெளிச்ச அளவு மட்டும் அவருக்கு மனப்பாடம், சதுர அடிக்கு 250 கேண்டில். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு ஷாட். அடுத்ததுக்காக ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

ஆனால் பாதி வேலை டார்க் ரூமில். முன்னால் இருந்த நிலம் நெகடிவில் மெலிந்திருந்ததால் 1948இல் அந்தப் பகுதியை மட்டும் மருந்தில் நனைத்து அழுத்தமாக்கினார். நெகடிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜருக்குக் கீழே அட்டையை ஆட்டி ஆட்டி வானத்தை இருட்டாக்கினார். முதலில் போட்ட பிரிண்டில் வானத்தில் மேகங்கள் தெரியும். பிந்தியதில் வானம் மை கொட்டியது போல இருக்கும். அந்த ஒரு நெகடிவில் ஆயிரத்துக்கு மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்றவர். நெகடிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட்தான் கச்சேரி என்பார். அட்டையில் ஓட்டை போட்டுக் கையை ஆட்டிப் பழகியவர்களுக்கு அது புரியும்.

சென்னையிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை: எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தில் வரும் சிவப்பு உடைப் பெண் யார்?

அவர் மனைவி ஜோ. ஹாப்பரின் பெரும்பாலான பெண்களுக்கு அவர்தான் மாடல். கேள்வி நல்ல கேள்வி டீச்சர், ஏனென்றால் ஜோவும் ஓவியர். 1923இல் புரூக்ளின் மியூசியம் தன் படங்களைக் கேட்டபோது, ஹாப்பரின் வாட்டர்கலரையும் பாருங்கள் என்று சிபாரிசு செய்தது ஜோ. நாற்பது வயது தாண்டியும் விளம்பரப் படம் வரைந்து வயிறு வளர்த்தவர் ஹாப்பர். அதுவரை அவர் விற்றது ஒரே ஒரு ஓவியம், 1913இல், 250 டாலருக்கு. மியூசியம் அவர் படம் ஒன்றை 100 டாலருக்கு வாங்கியது, அங்கிருந்துதான் ஏறுமுகம். அடுத்த வருடம் கல்யாணம். பிறகு ஜோ மாடலாக நின்றார், எந்தப் படம் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று கணக்கு நோட்டு எழுதினார். 1942இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' சில மாதங்களிலேயே சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு 3,000 டாலருக்குப் போனதும் அந்த நோட்டில் இருக்கிறது.

ஹாப்பர் 1967இல் போனார், ஜோ அடுத்த வருடம். இருவர் படைப்புகளும் விட்னி மியூசியத்துக்குப் போயின; ஜோ வரைந்தவற்றில் பலவற்றை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. என் வயிறு எரியும் இடம் இது.

சேலத்திலிருந்து ஓர் அப்பா: ஜாக்சன் பொல்லாக் மாதிரி என் பையனும் சுவரில் ஊற்றுகிறான். என்ன வித்தியாசம்?

ஓவியர் பொல்லாக் தரையில் ஊற்றினார், நீங்கள் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதுதான் முதல் வித்தியாசம். லாங் ஐலண்டில் ஒரு கொட்டகைத் தரையில் துணியை விரித்து, வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டைக் குச்சியால் சொட்டவிட்டார். 1947இல் செய்த 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்' ஓவியத்தில் ஆணி, சாவி, சிகரெட் எல்லாம் பெயிண்டுக்குள் புதைந்திருக்கும். பையனை விடுங்கள், ஊற்றட்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாத்தா: காந்தி ராட்டையுடன் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்தது அமெரிக்கப் பெண்மணியாமே?

ஆமாம் ஐயா, மார்கரெட் போர்க்-ஒயிட், 1946இல், 'லைஃப்' பத்திரிகைக்காக. முதலில் ராட்டை நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் சொல்லிவிட்டார், உட்கார்ந்து நூற்றார். ஃபிளாஷ் பல்புக்கு மூன்று முறைதான் அனுமதி. முதல் இரண்டும் சொதப்பி, மூன்றாவதில் கிடைத்தது. 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பும் காந்தியைப் பேட்டி கண்டார்.

திருச்சி மாணவி மறுபடியும்: லாங் எடுத்த மற்ற படங்களை எங்கே பார்க்கலாம்?

வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில், இலவசமாக. லாங் வேலை பார்த்த திட்டத்தில் மட்டும் 1,70,000க்கு மேல் நெகடிவ் இருக்கிறது. தேடும்போது சில படங்களின் நடுவில் கரிய வட்டம் ஒன்று தெரியும், கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டிரைக்கருக்குப் பிடிக்காத நெகடிவை ஓட்டை போட்டுத் தள்ளிவிடுவார்கள். விரலை அழித்ததற்குக் கோபப்பட்ட அதே ஸ்டிரைக்கர்தான்.